ஒழுகும் தாங்கி: இலத்திரனியல் சிகரெட்டின் ஒரு கோளாறும் அதன் பௌதிக அடிப்படையும்

அன்றாடப் பாவனைப் பொருள்களில் ஏற்படும் சிறு கோளாறுகளை ஆய்வுக்குரிய விடயங்களாகக் கருதும் வழக்கம் நம்மிடையே குறைவு. அவை திருத்துவோரின் வேலை என்றும், கற்றோர் கவலைப்பட வேண்டியவை அல்ல என்றும் ஓர் எண்ணம் நிலவுகின்றது. இலத்திரனியல் சிகரெட்டைப் பற்றிய விவாதங்களும் இதற்கு விலக்கல்ல. அது நன்மையா தீமையா, தடை செய்யப்படல் வேண்டுமா வேண்டாமா என்ற வினாக்களோடு அவை முடிந்துவிடுகின்றன. இந்தியாவில் 2019 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடைசெய்தது; இலங்கையிலும் விற்பனைக்குத் தடை உண்டு. ஐக்கிய இராச்சியத்திலும் ஐரோப்பிய நாடுகளிலும் இலட்சக்கணக்கானோர் அதனை வெளிப்படையாகவே பாவிக்கின்றனர். அவர்கள் மிகுதியாக முறையிடும் குறைகளுள் ஒன்று ஒழுகுதல் என்பதாகும். தாங்கியிலிருந்து திரவம் கசிந்து கையில் ஒட்டுகின்றது, சட்டைப்பையை நனைக்கின்றது, சில வேளைகளில் வாயினுள்ளும் செல்கின்றது. இக்கட்டுரை அக்கோளாறை மட்டுமே எடுத்துக்கொள்கின்றது. சிறியதாகத் தோன்றும் இவ்விடயத்துள் வளிகளின் விதிகளும், நஞ்சியலும், ஒரு கைத்தொழிலின் போக்கும் பிணைந்து கிடப்பதை நாம் காணலாம்.

முதலிற் கருவியின் அமைப்பை விளங்கிக்கொள்வோம். மின்கலம் ஒன்று, அதன்மேல் திரவம் நிரப்பிய சிறு தாங்கி, தாங்கியின் நடுவே அடியிலிருந்து வாய்க்குழல்வரை செல்லும் ஆவிக்குழல். குழலின் அடிப்பகுதியில் உலோகக் கம்பிச் சுருளும் அதனைத் தொட்டுக்கொண்டு பஞ்சுத் திரியும் உள்ளன. திரியின் வெளிப்புறம் சிறு துளைகளினூடாகத் திரவத்தைத் தொடுகின்றது. உட்புறம் காற்றுப்பாதையை நோக்கியுள்ளது. பாவிப்பவர் இழுக்கும்போது அடியிலுள்ள காற்றுத்துளை வழியே காற்று நுழைந்து, சூடான சுருளைக் கடந்து, ஆவியை ஏந்தி மேலேறுகின்றது. இங்கு மனங்கொள்ளத்தக்க விடயம் ஒன்றுண்டு. திரவத்துக்கும் வெளியுலகுக்கும் இடையே முற்றாக மூடிய கதவு எதுவும் இல்லை. நனைந்த பஞ்சுதான் கதவு. திரவம் திரிக்குள் வரவேண்டும், ஆனால் திரியைத் தாண்டி வரக்கூடாது என்ற முரண்பாடான இரு தேவைகளை ஒரே பஞ்சுத்துண்டு நிறைவேற்ற வேண்டியுள்ளது.

எனின், சாதாரண நிலையில் இது ஏன் ஒழுகுவதில்லை? பப்பாசி இலைக்காம்பை நீருள் அமிழ்த்தி, மேல்வாயை விரலால் அடைத்துத் தூக்கினால் நீர் கீழே விழாது நிற்பதைச் சிறுவர்களும் அறிவர். உள்ளே அகப்பட்ட வளியின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைவிடச் சற்றே குறைந்திருப்பதால், வெளியமுக்கம் நீர் நிரலைத் தாங்குகின்றது. விரலை எடுத்தால் நீர் விழும். தாங்கியின் மேற்பகுதியில் அடைபட்டிருக்கும் வளியும் இதே பணியைச் செய்கின்றது. திரவத்தின் உயரம் 2 சதமமீற்றர் எனக் கொண்டால், அதனைத் தாங்குவதற்கு வேண்டிய அமுக்கக் குறைவு வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 450 இல் ஒரு பங்கு மாத்திரமே. மிகச் சொற்பமான இவ்வமுக்க வேறுபாட்டிலேயே முழுச் சமநிலையும் தங்கியுள்ளது. எங்கேனும் ஒரு மயிரளவு இடைவெளியால் காற்று மேலே புகுந்துவிடின் விரலை எடுத்தது போலாகிவிடும். இக்கருவியின் ஒழுக்குகளுட் பெரும்பாலானவை, திரவம் வெளியேறும் வழியால் அன்றி, காற்று உட்புகும் வழியால் உண்டாகின்றன என்பதைப் பாவிப்போர் எளிதில் நம்புவதில்லை. அடியில் ஈரத்தைக் கண்டவுடன் அடியையே திருகித் திருகி இறுக்குவர். கோளாறோ மேல்மூடியில் இருக்கும்.

வெப்பநிலையின் பங்கையும் நோக்குவோம். கனவளவு மாறாத வளி ஒன்றின் அமுக்கம் தனி வெப்பநிலைக்கு நேர்விகித சமனாகும். 20 பாகை செல்சியசில், அதாவது தனி வெப்பநிலையில் 293 பாகையில், 450 இல் ஒரு பங்கு என்பது ஒரு பாகையிலும் குறைவு. ஆகவே மேசையில் அமைதியாக இருந்த கருவியைக் கையிலெடுத்த சிறிது நேரத்திலேயே அந்த அமுக்கக் குறைவு அழிந்துவிடுகின்றது. அதன்பின் திரவத்தைத் தடுத்து நிற்பது பஞ்சின் மயிர்த்துளைத் தாக்கம் ஒன்றே. திரி நெருக்கமாக நிரம்பியிருந்தால் அதன் நுண்டுளைகள் சிறியனவாக இருக்கும். சிறு துளைகள் திரவத்தை வலுவாகப் பிடித்துவைக்கும். திரி தளர்ந்திருந்தால் அப்பிடி தளரும். வெப்பம் மேலும் ஏறினால் வளி விரிந்து தன் விரிவுக்குச் சமமான திரவத்தை வெளித்தள்ளும். தாங்கியில் 1.5 மில்லிலீற்றர் வளி இருந்து, வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால், விரிவு ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர். அஃது ஒரு துளியின் அளவு. வளி 0.5 மில்லிலீற்றர் மட்டுமே எனின் மூன்றிலொரு துளிதான். இதனாலேயே நிறைந்த தாங்கியைவிடக் குறைந்த தாங்கியே கூடுதலாக ஒழுகுகின்றது.

ஊற்றுப்பேனா பாவித்த தலைமுறையினருக்கு இது புதியதன்று. மை தீரும் தறுவாயிற்றான் பேனா சட்டைப்பையில் கக்கும். உடற்சூட்டில் விரிவது மையன்று, மையின் இடத்தைப் பிடித்துக்கொண்ட காற்றே. மை வெளியேறும் அளவுக்கு மாத்திரம் காற்றை உள்ளே விடும் நுண்கால்வாய்களை அமைத்து இதற்குப் பெருமளவு தீர்வு கண்டு, 1884 இல் ஆக்கவுரிமை பெற்றவர் நியூயோர்க்கின் லூயிஸ் வாட்டர்மன். பேனாவுக்கும் இலத்திரனியல் சிகரெட்டுக்கும் இடையில் நூறாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி இருந்தபோதும், இரண்டிலும் உள்ள பிரச்சினை ஒன்றேயாகும். விமானப் பயணத்திலும் இரண்டும் ஒரே விதமாக நடந்துகொள்கின்றன. பறக்கும் விமானத்தினுள்ளே அமுக்கம் ஏறத்தாழ 2,400 மீற்றர் உயர மலையொன்றின் அமுக்கத்துக்கு இறங்கக்கூடும். அஃதாவது தரையமுக்கத்தின் நான்கில் மூன்று பங்கு. ஒரு மில்லிலீற்றர் வளி மூன்றிலொரு மில்லிலீற்றர் அளவுக்கு விரியும். ஆறேழு துளிகள் வெளிவருவது திண்ணம். தாங்கியை வெறுமையாக்கிச் செல்வதே நன்று. அது முடியாவிடின் முற்றாக நிரப்பி, வாய்க்குழல் கீழ்நோக்க வைத்தல் வேண்டும். அப்போது வளி திரியின் பக்கம் வந்துவிடுவதால் விரியும் வளியே வெளியேறும், திரவம் வெளியேறாது. இக்கருவிகளைப் பொதிப்பகுதியில் அனுப்பலாகாது, பயணி தம்முடனேயே கொண்டுசெல்லவேண்டும் என்ற விமான விதி ஒழுக்கைக் கருதி ஏற்பட்டதன்று; இலிதியம் மின்கலம் தீப்பற்றக்கூடும் என்பதைக் கருதி ஏற்பட்டது.

இனித் திரவம். அதன் பெரும்பகுதி கிளிசரோலும் புரொப்பிலீன் கிளைக்கோலும் சேர்ந்த கலவை. அவற்றுடன் நிக்கொட்டீனும் மணப்பொருள்களும் சேர்கின்றன. இவ்விரண்டின் பாகுநிலைகளும் பெரிதும் வேறுபட்டவை. 25 பாகை செல்சியசில் புரொப்பிலீன் கிளைக்கோல் நீரைவிட ஏறத்தாழ 50 மடங்கும், கிளிசரோல் ஏறத்தாழ 1,000 மடங்கும் பாகுத்தன்மை உடையன. எனவே கிளிசரோல் மிகுந்த கலவை மெதுவாக நகரும். கிளைக்கோல் மிகுந்தது விரைந்தோடும். பெருந்துளைகள் கொண்ட, கூடிய வலுவில் இயங்கும் சுருள்கள் தடித்த கலவைக்கென ஆக்கப்பட்டவை. அவற்றுள் மெல்லிய கலவையை ஊற்றினால், பிழையேதுமில்லாத கருவியும் ஒழுகும். எதிர்மாறாகச் செய்தால் ஒழுகாது. ஆனால் திரி வரண்டு பஞ்சு கருகும். வெயிலில் நிறுத்திய மோட்டார் வாகனத்துள் விட்டுச்சென்ற கருவி ஒழுகுவதற்குக் காரணங்கள் இரண்டு: வளி விரிகின்றது, அதே வேளையிற் பாகுநிலையும் இறங்குகின்றது.

கோளாறைக் கண்டறியும் முறைக்கு வருவோம். எதனையும் கழற்றுவதற்கு முன்னர், வெளிப்படுவது ஒழுக்குத்தானா என்பதை உறுதிசெய்தல் வேண்டும். ஆவிக்குழலின் சுவரில் ஆவி குளிர்ந்து ஒடுங்கி வாய்க்குழலில் துளியாகத் தங்குதல் இயல்பு; அதற்குத் திருத்தம் வேண்டியதில்லை, துடைத்தாற் போதும். கருவியின் வெளிப்புறத்தை நன்கு துடைத்து உலர்த்தி, தாங்கியை மின்கலத்திலிருந்து கழற்றி, வெள்ளைக் கடதாசியின்மேல் நிமிர்த்தி வைத்து ஒருமணி நேரம் விடுக. கடதாசியின் நடுவே கறை கண்டால் திரவம் சுருளினூடாகவோ காற்றுத்துளை வழியாகவோ வந்துள்ளது. விளிம்பைச் சுற்றிக் கறை கண்டால் கண்ணாடிக்கும் அடித்தட்டுக்கும் இடையிலுள்ள றப்பர் வளையத்திற் குறை. கறையே இல்லையெனின், ஒழுக்கு பாவிக்கும்போது மட்டும் நிகழ்வது. அதற்குக் காரணம் இழுக்கும் முறையிலோ வலுவிலோ தேடப்படல் வேண்டும். விலையற்ற இச்சோதனையைச் செய்யாது புதிய சுருள்களை வாங்கிக் குவிப்போர் பலர்.

றப்பர் வளையங்கள் பெரும்பாலும் சிலிக்கோனால் ஆனவை. அவை வெட்டுப்பட்டும், முறுகியும், இருக்கையிலிருந்து விலகியும் போகக்கூடும். பிழை பெரும்பாலும் மிகையாக இறுக்குவதிலேயே உள்ளது. இறுக்க இறுக்க வளையம் பிதுங்கி வெளியேறி, அடைப்பதை விடுத்து வழிவிடுகின்றது. கழுவி உலர்த்திய வளையத்தில் ஒரு துளி கிளிசரோலைத் தடவிப் பொருத்தி, விரல் நுனிகளால் தடையை உணருமளவுக்கு மட்டும் திருகுதல் போதுமானது. கண்ணாடியில் மயிரிழை வெடிப்பு இருப்பின் வெளிச்சத்துக்கெதிரே பிடித்துப் பார்த்தால் தெரியும். பிளாத்திக்குத் தாங்கிகளுக்கு வேறொரு பகை உண்டு. கறுவாவுக்கு மணந்தரும் சின்னமல்டிகைட்டும், தோடை, எலுமிச்சைத் தோல்களின் எண்ணெயிலுள்ள இலிமொனீனும் சில பிளாத்திக்கு வகைகளைத் தாக்கி வெடிக்கச் செய்கின்றன. அம்மணங்களை விரும்புவோர் கண்ணாடித் தாங்கியை நாடுவதே முறை.

நிரப்பும்போது நேரும் தவறுகள் தனியினம். நடுக்குழலுள் திரவத்தை ஊற்றிவிடுதல் முதலாவது. அது நேரே காற்றுத்துளையால் வெளியேறும். மேல்மூடியை மூடும் செயலே தாங்கியிலுள்ள வளியை நெருக்கித் திரவத்தைத் திரியினூடாகத் தள்ளுகின்றது என்பது பலருக்குத் தெரியாதது. காற்றுத்துளையை முற்றாக அடைத்துவிட்டு நிரப்பி, மேலே சிறிது வளி விட்டு மூடி, கருவியைத் தலைகீழாகப் பிடித்துக் காற்றுத்துளையைத் திறந்தால், நெருங்கிய வளி திரவத்தைத் தள்ளாது தானே வெளியேறிவிடும். அதன்பின் நிமிர்த்தலாம்.

சுருளைப் பொறுத்தவரை, நாட்பட்ட பஞ்சு தன் இழைகளின் விறைப்பை இழந்து நுண்டுளைகள் அகன்றுவிடுவதால் பிடிதளர்கின்றது; மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. தாமே பஞ்சை வைத்துக்கொள்ளும் வகைக் கருவிகளில் பஞ்சு போதாமையே வழக்கமான காரணம். எனினும் புதிய சுருளும் நிறைந்து வழிவதுண்டு. சிகரெட் பழகியவர் அதனை உறிஞ்சியது போலவே இதனையும் வலிந்து உறிஞ்சுகின்றார். காற்றுத்துளை குறுகியிருக்க, அவ்வாறு உறிஞ்சும்போது குழலுள் ஏற்படும் அமுக்கக் குறைவு 2 சதமமீற்றர்த் திரவ நிரலின் அமுக்கத்தைவிடப் பன்மடங்கு பெரியது. ஆவியாகும் வேகத்தை மிஞ்சித் திரவம் குழலுள் ஏறுகின்றது. வலுவை மிகக் குறைத்து வைத்தாலும் விளைவு இதுவே. சுருளின்மேற் பொறித்துள்ள உவாற்று எல்லையின் நடுப்பகுதிக்கு வலுவை உயர்த்தி, மெதுவாகவும் நீளமாகவும் இழுத்தால் பல கருவிகள் ‘தாமாகவே’ திருந்திவிடுகின்றன. ஏற்கெனவே நிறைந்துவிட்ட சுருளைத் தெளிவிக்க, தாங்கியை மின்கலத்திலிருந்து கழற்றி, அடியைக் கடதாசித் துவாயாற் சுற்றி, வாய்க்குழலினால் ஊதித் திரவத்தை வெளியேற்ற வேண்டும். ஊதுவதற்குப் பதில் உறிஞ்சிப் பார்ப்போரும் உளர். அவர்களுக்கு நாம் சொல்லவேண்டியது அடுத்து வருகின்றது.

ஒழுகுவது நீரன்று, நிக்கொட்டீன் கரைசல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014 ஆம் ஆண்டுப் புகையிலைப் பொருள் நெறிமுறை, 2016 மே மாதத்திலிருந்து, மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நிக்கொட்டீனை அனுமதிப்பதில்லை; தாங்கி 2 மில்லிலீற்றரையும் நிரப்பும் போத்தல் 10 மில்லிலீற்றரையும் விஞ்சலாகாது; போத்தல் சிறுவர் திறக்கவியலாததாகவும், நிரப்பும் முறை ஒழுக்கற்றதாகவும் இருத்தல் வேண்டும். எனவே உச்ச அளவுடைய ஒரு போத்தலில் 200 மில்லிகிராம் நிக்கொட்டீன் உண்டு. வளர்ந்தவருக்கு 60 மில்லிகிராம் மரணம் விளைவிக்கும் எனப் பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்தன. அக்கணக்கில் ஒரு சிறு போத்தல் மூவரைக் கொல்லும். கிராஸ் பல்கலைக்கழக மருந்தியலாளர் பேர்ன்ட் மயர் 2014 இல் அவ்வெண்ணின் மூலத்தைத் தேடிச் சென்று, அது 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிலர் தம்மீதே செய்துகொண்ட ஐயத்துக்கிடமான பரிசோதனைகளில் முடிவதைக் காட்டினார். மரணம் விளைந்த நேர்வுகளை ஆராய்ந்து, உண்மையளவு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் என்பது அவரது முடிவு. ஒரு நூற்றாண்டாக ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய எண் இவ்வாறு கவிழ்ந்தமை பாடநூல்களை நம்பும் நமக்கெல்லாம் ஓர் எச்சரிக்கை.

இதனை ஆறுதலாகக் கொள்வது தவறாகும். அது வளர்ந்தவருக்குரிய மரண அளவு. குமட்டல், வாந்தி, தலைச்சுற்று, படபடப்பு ஆகியன மிகக் குறைந்த அளவிலேயே தோன்றும். சிறு குழந்தைக்கு ஒருசில மில்லிலீற்றரே பேராபத்து. மேலும் நிக்கொட்டீன் தோலினூடாகவும் உட்செல்லும். ஈரமான புகையிலைத் தோட்டங்களில் அறுவடை செய்யும் தொழிலாளர் ‘பச்சைப் புகையிலை நோய்’ என்னும் நோயால் வாந்தியெடுத்து வாடுவது இக்காரணத்தாலேயே. புகைக்காத தொழிலாளியும் இதற்குத் தப்புவதில்லை. திரவத்திலுள்ள நிக்கொட்டீன் பெரும்பாலும் அதே இலைகளிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. ஆகவே கையில் பட்டதை உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கழுவுதல், நனைந்த சட்டையை மாற்றுதல், துடைத்த கடதாசியைக் குழந்தைக்கும் வளர்ப்புப் பிராணிக்கும் எட்டாத இடத்திற் போடுதல் என்பன மிகையான அச்சத்தின் விளைவுகள் அல்ல.

மின்பகுதியும் கவனத்துக்குரியது. தாங்கியின் அடியிலிருந்து வழியும் திரவம் மின்கலத்தின் தொடுகையில் தேங்குகின்றது. காற்றின் ஈரத்தையும் தூசையும் ஈர்த்துத் தொடுகையைக் கெடுக்கின்றது. பஞ்சுக்குச்சியினால் அதனைத் துடைத்து உலர்த்தலாம். பொத்தானின்றி, இழுத்தவுடன் இயங்கும் வகைகளில் அமுக்க உணரி ஒன்று உண்டு. அதனுள் திரவம் புகுந்தால் எவரும் இழுக்காதபோதே சுருள் சூடேறத் தொடங்கும். அவ்வாறு நடக்கும் கருவியைத் திருத்த முற்படாது, எரியக்கூடிய பொருள்களிலிருந்து அகற்றி வைத்து, மின்கலங்கள் சேகரிக்கும் இடத்தில் ஒப்படைப்பதே செய்யத்தக்கது.

இக்கோளாறு ஏன் தீர்க்கப்படாது நீடித்தது என்ற வினாவை இனி எழுப்பலாம். பென்சில்வேனியாவின் ஹேபேட் கில்பேட் 1963 இல் விண்ணப்பித்து 1965 இல் பெற்ற புகையிலா சிகரெட்டின் ஆக்கவுரிமை சந்தையை எட்டவில்லை. இன்றைய கருவிக்கு மூலமானது சீனாவின் சென்யாங் நகர மருந்தாளர் ஹொன் லிக் 2003 இல் ஆக்கியது. தொடக்ககால மாதிரிகளில் திரவம் தாங்கியில் தளும்பவில்லை. செயற்கைப் பஞ்சில் ஊறிக் கிடந்தது. பஞ்சில் ஊறியது ஒழுகாது. ஆனால் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பது தெரியாது, சுவையும் கருகும். அதனால் ஒளிபுகும் தாங்கி வந்தது. தாங்கியுடன் ஒழுக்கும் வந்தது. ஒழுக்குடன், வளையத்தையும் திரியையும் தாமே மாற்றி, ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்ட பாவனையாளர் கூட்டமும் தோன்றியது. புகைத்தலை விட்டொழிக்க முயன்றோர் அதில் பலர்; அம்முயற்சிக்கு இக்கருவி நிக்கொட்டீன் ஒட்டுத்துண்டு, மெல்லும் பசை ஆகியவற்றைவிடக் கூடுதலாக உதவுகின்றது என்பதற்குக் கொக்ரேன் தொகுப்பாய்வுகள் வலுவான சான்று காட்டியுள்ளன. ஒருபோதும் புகைக்காத மாணவனுக்கு இக்கருவியை நாம் பரிந்துரைக்கின்றோம் என்று இதனைக் கொள்ளலாகாது.

பெருமூலதனம் வேறு கணக்குப் போட்டது. ஹொன் லிக்கின் ஆக்கவுரிமைகளை 2013 இல் இம்பீரியல் புகையிலைக் கம்பனி 75 மில்லியன் டொலருக்கு வாங்கியது. 2018 டிசம்பரில் அல்ற்றியா, ஜூல் கம்பனியின் 35 வீதப் பங்குக்கு 12.8 பில்லியன் டொலர் கொடுத்தது. திருத்தத்தக்க கருவியில் ஒருமுறைதான் இலாபம்; மூடி முத்திரையிட்ட உறையில் ஒவ்வொரு வாரமும் இலாபம். பின்னர் சென்சென் ஆலைகளிலிருந்து பாய்ந்த, ஒருமுறை பாவித்து எறியும் வகை, ஒழுக்குப் பிரச்சினையைத் ‘தீர்த்த’ விதம் வேடிக்கையானது: மீண்டும் பஞ்சில் ஊறிய திரவம், திறக்கவியலாத கூடு. திரவம் எஞ்சியிருப்பது தெரியவேண்டிய தேவையில்லை, தீர்ந்தால் எறியலாம். அதனுடன், நூற்றுக்கணக்கான தடவை மின்னேற்றத்தக்க இலிதியம் மின்கலமும் எறியப்படும். ஐக்கிய இராச்சியத்தில் 2023 இல் வாரந்தோறும் ஏறத்தாழ 50 இலட்சம் கருவிகள் இவ்வாறு எறியப்பட்டதாக, மின்சாதனக் கழிவு மீட்புக்கென இயங்கும் மெற்றீரியல் போக்கஸ் அமைப்பு மதிப்பிட்டது. குப்பை வண்டிகளில் நசுங்கித் தீப்பற்றியவை அவற்றுட் சில.

2025 யூன் 1 ஆம் திகதி முதல் அந்நாட்டில் அவ்வகைக் கருவிகளின் விற்பனை தடைசெய்யப்பட்டுள்ளது. விற்கத்தக்க கருவி மின்னேற்றக்கூடியதாகவும் திரவம் மீள நிரப்பக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். சுருள் உள்ளதாயின் அது மாற்றத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும் என்பது விதி. நிரப்பக்கூடிய உறையையும் மின்னேற்றும் துளையையும் பெயரளவில் சேர்த்து, பழைய கருவியின் விலைக்கே விற்கும் உற்பத்தியாளர் உடனே தோன்றிவிட்டனர். அதனை வாங்கியவர் முன்போலவே எறிந்தும் விடுகின்றார். எறியாது நிரப்ப முற்படுபவரின் கையில் திரவம் மீண்டும் ஒட்டும். அவருக்கு வேண்டியன ஒரு வெள்ளைக் கடதாசி, ஒரு மாற்று வளையம், தாம் வாங்கிய கருவியின் சுருள் கடையில் தனியாகவும் கிடைக்கின்றதா என்று வாங்குமுன் கேட்டறிதல் ஆகிய மூன்றுமே.